எந்தப் பெட்டி வாங்கலாம்? 1958-ல் எடுத்த ஒரு படம் சொல்லும் பதில்

வழக்கமா இந்தத் தொடர்ல கோட்டை, கப்பல், கோர்ட்டு வழக்குன்னு பேசிக்கிட்டு இருப்போம். இந்தத் தடவை நேயர்கள்ல சிலர், அதுவும் கல்யாணப் போட்டோ எடுக்குற தொழில்ல இருக்குறவங்க, ஒரு கேள்வி அனுப்பியிருந்தாங்க. "படங்களை எல்லாம் ஒரே இடத்துல சேர்த்து வைக்க நாஸ் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது?" இதுதான் கேள்வி.

நாஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. உள்ளே ரெண்டோ நாலோ ஹார்ட் டிஸ்க் மாட்டின ஒரு சின்னப் பெட்டி. அதைக் கம்ப்யூட்டர்ல மாட்டாம, வீட்டு ரவுட்டர்ல ஒரு கேபிள் போட்டு மாட்டுவோம். வீட்டுல, ஸ்டூடியோவுல இருக்குற எல்லாக் கம்ப்யூட்டரும் அந்தப் பெட்டியைப் பொதுவாப் பயன்படுத்திக்கலாம்.

வரலாற்று நிகழ்ச்சியில இதுக்கு என்ன வேலைன்னு கேக்கலாம். வேலை இருக்கு. படத்தைப் பத்திரமா வைக்கிறதுங்கிற விஷயத்துல புதுச்சேரிக்கு எழுபது வருஷ அனுபவம் இருக்கு. எந்தப் பெட்டின்னு கேக்குறதுக்கு முன்னாடி அந்த அனுபவத்தைப் பார்த்துடலாம்.

ஆனந்தமங்கலம், 1958 ஜூன்

தரங்கம்பாடிக்குப் பக்கத்துல ஆனந்தமங்கலம்னு ஒரு ஊர். அங்கே விஜயநகரக் காலத்து ராஜகோபாலப் பெருமாள் கோவில். 1978 நவம்பர்ல அந்தக் கோவில்ல இருந்த ராமர், லட்சுமணர், சீதை வெண்கலச் சிலைகள் திருடு போச்சு. நாற்பது வருஷம் ஒரு தகவலும் இல்லை. 2019-ல், திருடுபோன சிலைகளைத் தேடுற தன்னார்வலரான எஸ். விஜயகுமார், அந்தச் சிலை பிரிட்டன்ல ஒருத்தர் கையில இருக்கலாம்னு லண்டன் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் கொடுத்தார். சந்தேகம் இருந்தாப் போதாது, ஆதாரம் வேணும். இதே சிலை இதே கோவில்ல இருந்ததுன்னு எப்படி நிரூபிக்கிறது?

நிரூபிச்சது ஒரு போட்டோ. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோட படத்தொகுப்புல, 1958 ஜூன் மாசம் அந்தக் கோவில்ல எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தன. வச்சு ஒப்பிட்டுப் பார்த்தாங்க. பொருந்தியது. வச்சிருந்தவரே சிலைகளை ஒப்படைச்சார். 2020 செப்டம்பர் 15-ஆம் தேதி லண்டன்ல மூணு சிலைகளும் இந்தியத் தூதரகத்துக்கிட்ட வந்து சேர்ந்தன.

இது ஒண்ணு மட்டும் இல்லை. ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலருக்கு வாங்கின ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014-ல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார் இல்லையா? அந்த அடையாளத்துக்கும் இதே நிறுவனம் 1994-ல் எடுத்த படம்தான் துணை.

நான் இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, 1958-ல் அந்தப் படத்தை எடுத்தவருக்கு இது திருட்டு வழக்குக்குச் சாட்சியாகும்னு தெரிஞ்சிருக்க வழியே இல்லை. கலை வரலாற்று ஆராய்ச்சிக்குன்னு எடுத்த படம். இன்னைக்கு நீங்க எடுக்குற கல்யாணப் படத்துல ஓரமா உட்கார்ந்திருக்குற பாட்டியோட ஒரே நல்ல படம் அதுவா இருக்கலாம். பின்னாடி தெரியுற வீடு அடுத்த வருஷம் இடிஞ்சு போயிருக்கலாம். எந்தப் படம் எப்ப தேவைப்படும்னு எடுக்குறப்போ யாருக்கும் தெரியாது.

அந்தப் படம் எப்படிப் பிழைச்சது?

பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியை 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாகிட்ட ஒப்படைச்சது. அடுத்த வருஷமே, 1955-ல், ஜான் ஃபிலியோசா முன்னின்று பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கினது. செயின்ட் லூயி வீதியில, கடற்கரைக்குப் பக்கத்துலயே கட்டடம். 1956-லிருந்து தென்னிந்தியக் கோவில்களைப் படம் எடுக்க ஆரம்பிச்சாங்க. இப்ப அந்தத் தொகுப்புல ஒரு லட்சத்துக்கும் மேல படங்கள்.

ஆனந்தமங்கலம் படம் பிழைச்சதுக்கு மூணு காரணம் எனக்குத் தெரியுது. ஒண்ணு, நெகட்டிவ் அழியலை. ரெண்டு, எந்த ஊர், எந்தக் கோவில், எந்த மாசம்னு எழுதி வச்சிருந்தாங்க. லட்சம் படத்துல தேடி எடுக்க முடிஞ்சது. மூணு, எடுத்தவர் போன பிறகும் அதைப் பார்த்துக்க ஆள் இருந்தாங்க. இந்த மூணுல ஒண்ணு குறைஞ்சிருந்தாலும் ராமர் இன்னும் லண்டன்லதான் இருந்திருப்பார்.

நெகட்டிவ் அழியாம இருக்குறதே நம்ம ஊர்ல லேசான காரியம் இல்லை. கோடாக் கம்பெனி 1948-ல் ட்ரை-அசிட்டேட் பிலிமைக் கொண்டு வந்தது. எளிதில் தீப்பிடிக்கிற பழைய நைட்ரேட் பிலிமுக்கு மாற்று. பத்து வருஷத்துக்குள்ளயே பிலிம் கெட்டுப் போகுதுன்னு முதல் புகார் போச்சு. புகார் பண்ணது யார்னா, இந்திய அரசாங்கம்! சூட்டுலயும் ஈரத்துலயும் அசிட்டேட் சிதைஞ்சு, உள்ளேயிருந்து அசிட்டிக் அமிலம் கிளம்பும். டப்பாவைத் திறந்தா வினிகர் வாசனை மூக்குல ஏறும். இதுக்கு வினிகர் நோய்னே பேர் வச்சுட்டாங்க.

இந்த வாசனையை நினைவுல வச்சுக்குங்க, பின்னாடி வேணும். பிலிம் கெடுறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை கொடுக்குது.

ஸ்டூடியோக்கள் கதை வேற

தமிழ்நாட்டுலயும் புதுச்சேரியிலயும் தெருவுக்குத் தெரு இருந்த ஸ்டூடியோக்களுக்கு ஆய்வு நிறுவனத்தோட கொடுப்பினை இல்லை. பழைய பிரிண்ட் உங்க வீட்டுல இருந்தா பின்பக்கம் திருப்பிப் பாருங்க. ஸ்டூடியோ முத்திரையும் சில சமயம் ஒரு நெகட்டிவ் நம்பரும் இருக்கும். அந்த நம்பரைச் சொல்லிக் கேட்டா மறுபடி பிரிண்ட் போட்டுத் தருவாங்க. ஒரு நோட்டுப் புத்தகமும் அலமாரியும் இருந்தாப் போதும், அதுதான் அன்னைக்கு நாஸ்.

ஆனா கடை கை மாறினப்போ, மகன் வேற தொழிலுக்குப் போனப்போ, அலமாரி இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. கண்ணாடி நெகட்டிவைக் கழுவினா வெறும் கண்ணாடி. பிலிம்ல இருக்குற வெள்ளிக்கும் ஒரு விலை உண்டு. இப்படி எத்தனையோ முகங்கள் எடைக்குப் போச்சு.

மிச்சம் இருந்ததைக் காப்பாத்த, பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல ஸோயி ஹெட்லி தலைமையில ஒரு திட்டம் நடந்தது. தமிழ் ஸ்டூடியோக்களோட பழைய படங்களைத் தேடி, ஸ்கேன் பண்ணிப் பட்டியல் போடுற வேலை. பணம் கொடுத்தது பிரிட்டிஷ் லைப்ரரியோட அழியும் ஆவணங்கள் திட்டம். அந்தத் திட்டத்துக்கு ஒரு விதி: அசல் நாட்டை விட்டுப் போகக் கூடாது, டிஜிட்டல் பிரதி ஒண்ணு உள்ளூர்ல, இன்னொண்ணு லண்டன்ல.

புதுச்சேரிக்காரங்களுக்கு இது புதுசு இல்லை. சைகோன்லயோ பாரீஸ்லயோ வேலை பார்த்த சொல்தாவுக்கு இங்கேயிருந்து குடும்பப் படத்தைத் தபால்ல அனுப்புவாங்க. ஒரு பிரதி இங்கே சுவர்ல, ஒரு பிரதி கடலுக்கு அந்தப் பக்கம். இங்கே கரையான் அரிச்சாலும் அங்கே ஒண்ணு இருக்கும். அன்புக்காகப் பண்ணது காப்புக்கும் ஆச்சு.

அலமாரி டிஸ்க் ஆன கதை

நிறுவனம் கோவில்களைப் படம் எடுக்கத் தொடங்கின அதே 1956-ல், அமெரிக்காவுல ஐபிஎம் கம்பெனி முதல் ஹார்ட் டிஸ்க்கை அறிமுகம் பண்ணது. ரெண்டு அடி அகலத் தட்டுகள் ஐம்பது. மொத்தமும் சேர்த்து 50 லட்சம் எழுத்துதான் பிடிக்கும். இன்னைக்கு உங்க கேமராவோட ஒரே ஒரு ரா ஃபைல் அதைவிட அஞ்சாறு மடங்கு பெரிசு.

1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ், வேற மெஷின்ல இருக்குற ஃபைலைத் தன்னோட ஃபைல் மாதிரியே திறக்குற என்எஃப்எஸ் முறையைக் கொண்டு வந்தது. 1988-ல் கலிபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூணு பேரும் ஒரு கட்டுரை எழுதினாங்க. ஒரு பெரிய, விலை கூடின டிஸ்க்குக்குப் பதிலா மலிவான சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டலாம், ஒண்ணு செத்தாலும் மத்ததுல இருந்து கணக்குப் போட்டு மீட்டுக்கலாம்னு. அதுக்குப் பேர் ரெய்டு. இந்த ரெண்டு யோசனையையும் ஒரு பெட்டிக்குள்ள அடக்கினா, அதுதான் இன்னைக்குக் கடையில விக்கிற நாஸ்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்றேன். ரெய்டு எதுக்குன்னா, டிஸ்க் செத்தா வேலை நிக்கக் கூடாதுங்கிறதுக்கு. காப்புப் பிரதிக்கு இல்லை. நீங்க தவறி ஒரு ஃபோல்டரை அழிச்சா, நாலு டிஸ்க்குலயும் அது ஒரே நொடியில அழியும்.

பெட்டி எங்கெங்கே கைவிட்டது?

மூணு சம்பவம். மூணும் உலகம் அறிஞ்சது.

முதல்ல ட்ரோபோ. 2007-ல் வந்த பெட்டி, போட்டோகிராபர்களுக்கு ரொம்பப் பிடிச்சது. வேற வேற அளவு டிஸ்க்கைச் செருகலாம், ஒண்ணும் யோசிக்க வேண்டாம். ஆனா உள்ளே எழுதுற முறை அந்தக் கம்பெனியோட சொந்த ரகசியம். டிஸ்க்கைக் கழட்டிச் சாதாரணக் கம்ப்யூட்டர்ல மாட்டினாப் படிக்க முடியாது. 2022-ல் தாய்க் கம்பெனி திவாலாச்சு. டிஸ்க் நல்லா இருக்கும், படம் உள்ளே இருக்கும், பெட்டி போச்சுன்னா படிக்கிறதுக்கு இன்னொரு ட்ரோபோவைத் தேடணும்.

ரெண்டாவது, 2021. ஏப்ரல்ல க்யூநாப் நாஸ்கள்ல இன்டர்நெட் வழியா புகுந்து, ஃபைல்களைப் பூட்டி, 0.01 பிட்காயின் கொடுத்தாச் சாவி தர்றோம்னாங்க. ஜூன்ல வெஸ்டர்ன் டிஜிட்டலோட மை புக் லைவ் பெட்டிகள் தொலைவிலிருந்தே மொத்தமா அழிக்கப்பட்டன. அந்த மாடலுக்குக் கம்பெனி 2015-லேயே மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்திட்டது. பெட்டி ஓடிக்கிட்டுத்தான் இருந்தது, ஆனா கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

மூணாவது, அதே பிரிட்டிஷ் லைப்ரரி. 2023 அக்டோபர்ல இணையத் திருடங்க உள்ளே புகுந்தாங்க. பணம் கேட்டாங்க, லைப்ரரி கொடுக்கலை. சர்வர்களை நாசம் பண்ணாங்க. டிஜிட்டல் தொகுப்புகளோட பிரதிகள் பத்திரமாத்தான் இருந்தன. ஆனா அதைத் திரும்ப ஏத்தி ஓட்டறதுக்கான அமைப்பே இல்லாமப் போச்சு. பல மாசம் இணையத்துல திறக்க முடியலை. பிரதி இருந்தா மட்டும் போதாது, அதைத் திறக்குற வழியும் இருக்கணும்னு இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே பாடம். லண்டன் கதவு மூடினப்போ, உள்ளூர்லயும் ஒரு பிரதி இருக்கணும்ங்கிற விதியோட அருமை புரிஞ்சது.

கடல் பக்கத்துல ஒரு பெட்டி

இதெல்லாம் வெளியூர்க் கதை. நம்ம ஊருக்கு நம்ம ஊர்ப் பிரச்சினையும் உண்டு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவுல கரையைக் கடந்தது. ரெண்டு ஊருக்கும் ஒரே அடி. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல். ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை. கிருஷ்ணா நகர்ல ஜனங்களை மீட்க ராணுவம் வந்தது. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தையும் வெள்ளம் விடலை.

இதுல ரெண்டு பாடம் இருக்கு. பெட்டியைத் தரைத்தளத்துல மேஜைக்கு அடியில வைக்காதீங்க. ரெண்டாவது, காப்புப் பிரதியைக் கடலூர்ல மச்சான் வீட்டுல வச்சிருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க. ஒரே புயல் ரெண்டையும் தொடும். கோயம்புத்தூர், மதுரை, பெங்களூரு மாதிரி தூரத்துல இருக்கட்டும். அப்புறம் உப்புக் காத்து. கடற்கரைப் பக்கம் குடியிருக்குறவங்களுக்கு இரும்பு ஜன்னல் என்ன ஆகும்னு தெரியும். எலக்ட்ரானிக் பொருளுக்கும் அதே கதிதான். கடல் காத்து நேரா அடிக்காத ரூம், முடிஞ்சா ஏசி ரூம்.

இப்ப உங்க கணக்கு

ஒரு கல்யாணத்துக்கு 4,000 ஷாட், ஒவ்வொண்ணும் 30 எம்பின்னு வச்சுக்குவோம். 120 ஜிபி. வருஷத்துக்கு 50 கல்யாணம்னா 6 டிபி. வீடியோ தனி. நாலு டிஸ்க் பெட்டியில ஆளுக்கு 8 டிபி போட்டு, ஒண்ணு செத்தாலும் தாங்குற ரெய்டு 5 அமைச்சா, 24 டிபி கிடைக்கும். நாலு வருஷத்துக்குப் போதும்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. 120 பிலிம் ரோல்ல சதுரப் படம் 12-தான் வரும். பார்த்துப் பார்த்து எடுப்பாங்க. நீங்க 4,000 எடுத்தாலும், ஆல்பம் கொடுத்த பிறகு 800 நல்ல படத்தை மட்டும் வச்சுக்கிட்டா அது 24 ஜிபி. 6 டிபி வருஷத்துக்கு 1.2 டிபி ஆகிடும். எதை வைக்கிறது, எதை விடுறதுன்னு தேர்ந்தெடுக்குறதும் ஆவணக் காப்பகத்தோட வேலைதான். கஸ்டமர்கிட்ட எத்தனை வருஷம் வச்சிருப்போம்னு பில்லுலயே எழுதிக் கொடுத்துடுங்க.

இனி பெட்டி. நான் பார்க்குற வரிசை இது.

முதல் கேள்வி, பெட்டி செத்தா டிஸ்க்கை வேற எங்கே படிக்கலாம்? சினாலஜி பெட்டியோட டிஸ்க்குகளை லினக்ஸ் கம்ப்யூட்டர்ல மாட்டிப் படிக்கிறதுக்கு அந்தக் கம்பெனியே வழிமுறை கொடுத்திருக்கு. ட்ரூநாஸ் மாதிரி திறந்த மென்பொருள் போட்டா, இசட்எஃப்எஸ் தெரிஞ்ச எந்த மெஷின்லயும் திறக்கலாம். ஆனா யாரையும் கண்ணை மூடிக்கிட்டு நம்ப வேண்டாம். 2025-ல் சினாலஜி சில புது மாடல்களுக்குத் தன்னோட டிஸ்க்கைத்தான் போடணும்னு கட்டுப்பாடு கொண்டு வந்து, எதிர்ப்பு கிளம்பின பிறகு அதே வருஷம் தளர்த்தினது.

ரெண்டாவது, அந்த வினிகர் வாசனை. டிஸ்க்குல ஒரு ஃபைல் சத்தமில்லாமக் கெட்டா மூக்குக்குத் தெரியாது. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மாதிரி ஃபைல் முறைகள் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் எழுதி வைக்கும். மாசம் ஒரு தடவை எல்லாத்தையும் படிச்சு ஒப்பிடச் சொன்னா, கெட்டுப் போனதைச் சொல்லிடும். இந்த வசதி இல்லாத பெட்டி மலிவா வந்தாலும் வேண்டாம்.

மூணாவது, டிஸ்க். கடையில சிஎம்ஆர் வகைதானான்னு கேட்டு வாங்குங்க. தடங்களை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி எழுதுற எஸ்எம்ஆர் வகை, செத்த டிஸ்க்கை மாத்தி மறுபடி கட்டுறப்போ இழுத்தடிக்கும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நாஸ் டிஸ்க்குகள்லயே சொல்லாம இதைக் கலந்தது வெளியே வந்து பெரிய சர்ச்சை ஆச்சு.

நாலாவது, சுத்துப்புறம். யுபிஎஸ் கட்டாயம். கரண்ட் போனதும் பெட்டி தானா ஒழுங்கா அணையுற மாதிரி அதை யுஎஸ்பியில இணைச்சுடுங்க. எடிட் பண்ற கம்ப்யூட்டருக்கு கேபிள் போடுங்க. சாதாரண ஜிகாபிட் கேபிள்ல 120 ஜிபி இருபது நிமிஷத்துல போயிடும். பெட்டியை நேரா இன்டர்நெட்டுக்குத் திறந்து விடாதீங்க. வெளியே இருந்து பார்க்கணும்னா விபிஎன் வழியா. ஸ்னாப்ஷாட் வசதியைப் போட்டு வைங்க, நேத்து இருந்த நிலைமைக்குத் திரும்ப அது உதவும்.

அஞ்சாவதுதான் எல்லாத்துக்கும் மேல. பீட்டர் க்ரோக்னு ஒரு அமெரிக்கப் போட்டோகிராபர் 3-2-1ன்னு ஒரு விதி சொன்னார். மூணு பிரதி, ரெண்டு வகைச் சாதனத்துல, ஒண்ணு வேற இடத்துல. நாஸ் ஒண்ணு. வாரம் ஒரு தடவை மாட்டி, எழுதி, கழட்டி வைக்கிற யுஎஸ்பி டிஸ்க் ஒண்ணு. கழட்டி வச்சதைத் திருடனால தொட முடியாது. தூரத்து ஊர்லயோ கிளவுட்லயோ ஒண்ணு. உங்க லைன் அப்லோடு வேகம் 100 எம்பிபிஎஸ்னா 120 ஜிபி மூணு மணி நேரத்துக்குள்ள ஏறிடும், ராத்திரி விட்டாப் போதும். கையில காசு கம்மின்னா, நாலு டிஸ்க் பெட்டியை விட்டுட்டு ரெண்டு டிஸ்க் பெட்டி வாங்குங்க. மிச்சக் காசுல மத்த ரெண்டு பிரதியைப் பண்ணுங்க.

வருஷத்துல ஒரு நாள், பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்றப்போன்னு வச்சுக்குங்களேன், காப்புப் பிரதியில இருந்து ஒரு பழைய கல்யாணத்தை வேற கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க. திறந்தாத்தான் அது பிரதி.

கடைசியா ஒரு வேலை, இதுக்குச் செலவே இல்லை. ஃபோல்டருக்குத் தேதி, ஊர், மண்டபம், வீட்டுக்காரங்க பேர் எழுதுங்க. பாஸ்வேர்டையும் எது எங்கே இருக்குங்கிறதையும் ஒரு தாள்ல எழுதி வீட்டுல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட கொடுங்க. "புது ஃபோல்டர் 3"ன்னு பேர் வச்ச படத்தை அறுபது வருஷம் கழிச்சு யாராலயும் தேட முடியாது. "ஆனந்தமங்கலம், 1958 ஜூன்"னு எழுதினதைத் தேட முடிஞ்சது.

உங்க ஸ்டூடியோவுல, இல்லை தாத்தா ஸ்டூடியோவுல, பழைய கண்ணாடி நெகட்டிவ் இன்னும் இருந்தா, கழுவுறதுக்கு முன்னாடி எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.